விளக்கை அணைக்கத் தெரியாத சிவசைலம்

தென்காசியில் கல்யாண மேடை அலங்காரம் என்றால் சிவசைலம். நாடகத்துக்கு மேடை அமைப்பதென்றாலும் அவர்தான். முதல் தொழில் சோறு போடுகிறது, இரண்டாவது அந்தச் சோற்றைச் செரிக்க வைக்கிறது என்று அவர் மனைவி குழல்வாய்மொழி மதினி சொல்வார். அவரைப் பற்றி நல்லதாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் பிணக் கதையை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

என் பெயர் சுப்பு. மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் நாடகக் குழுவில் நீளமான வசனத்தை யாரும் என்னிடம் நம்பிக் கொடுப்பதில்லை. அதனால் சில வருஷங்களுக்கு முன்னால் செங்கோட்டை வாத்தியார் ஒருவர் எழுதிய புது நாடகத்தில் எனக்குப் பிணம் வேஷம் கிடைத்தது. பெஞ்சில் வெள்ளை வேட்டியைப் போர்த்திப் படுத்திருக்க வேண்டும். மகன்கள் சண்டை போட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே போவார்கள். பிணம் மட்டும் தனியாகக் கிடக்கும். விளக்கு அணையும். நாடகம் முடிந்தது. விளக்குச் சுவிட்ச் சிவசைலம் கையில்.

மகன்கள் போனார்கள். விளக்கு அணையவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். குற்றாலத்து அருவிப் பக்கத்துக் கொசு ஒன்று வந்து என் மூக்கில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது. அப்போதும் விளக்கு அணையவில்லை. கடைசியில் பிணம் எழுந்து மூக்கைச் சொறிந்தது. சனம் விசில் அடித்தது. எழுதிய வாத்தியார் பின்னால் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்வே அணைக்கல?" என்று சிவசைலத்தின் சட்டையைப் பிடித்தேன்.

"முன்வரிசையில ஒரு அம்மா அழுதுக்கிட்டு இருந்தா வே. அழுது முடிக்கட்டும்னு பாத்தேன்."

"முடிச்சாளா?"

"எங்க முடிக்க. நீரு மூக்கைச் சொறிஞ்சீரு, சிரிச்சிட்டா."

இதுதான் சிவசைலம். மேடை போடத் தெரியும், வண்ணம் தெரியும், எந்த வெளிச்சம் எந்த மூஞ்சிக்கு ஆகும் என்று தெரியும். ஆனால் நாடகம் தொடங்கிவிட்டால் மனுஷன் வேலைக்காரன் இல்லை, பார்க்க வந்த ஆள். தான் கட்டிய வீட்டைத் தானே வாய் பிளந்து பார்ப்பார்.

எங்கள் நாடக விழா ஆடி மாதத்தில் நடப்பதற்குக் காரணம் உண்டு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண மண்டபம் காலி. அலங்காரக்காரருக்கு வேலை இல்லை. குற்றாலத்திலோ சாரல், ஊர் கொள்ளாத கூட்டம். ஐந்தருவி சாலையில் மண்டபம் வைத்திருக்கும் வல்லிநாயகம் அண்ணாச்சி, பூட்டிக் கிடப்பதற்கு நாடகமாவது நடக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தார். கையோடு எங்கள் குழுவுக்குத் தலைவரும் ஆகிவிட்டார். பழைய நாடகம் ஒன்றுகூட எடுப்பதில்லை, இப்போது எழுதுகிறவர்களின் புது நாடகம் மட்டுமே என்பது சிவசைலம் வைத்த சட்டம். சட்டம் வைக்க அவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அவருடையது.

தபாலில் வரும் நாடகத்தையும் வாட்ஸ்அப்பில் வரும் நாடகத்தையும் என் கடையில் நின்றுகொண்டுதான் படிப்பார். ஒரு பக்கம் இருமல் மருந்து கேட்டு ஆள் நிற்கும், மறுபக்கம் இவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

"பழைய நாடகத்துல எல்லாருக்கும் வசனம் இருக்கும் வே," என்பார். "இந்தப் பிள்ளைக எழுதுததுல யாராவது ஒருத்தன் சும்மா நிப்பான். அவன் எங்கன நிக்கான், எதுல சாஞ்சிருக்கான், அதுதான் நம்ம வேலை. நமக்குன்னே இடம் விட்டு எழுதுதுக."

நாடகம் பிடித்துவிட்டால் எழுதியவருக்குப் போன் போடுவார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "அந்த அம்மா செருப்பு போட்டிருக்காளா?" என்பார். "அந்த வீட்டுல அடுப்படிக்குக் கதவு உண்டா, சீலைதானா?" என்பார். பாதிப் பேர் பயந்து போவார்கள். சென்னையிலிருந்து எழுதிய ஒரு பையன், போலீஸ் விசாரணையோ என்று நினைத்துப் போனை அணைத்தே விட்டான். அதே பையன் நாடகத்தன்று மண்டபத்துக்கு வந்து, தான் ஒரே வரியில் எழுதிய மருத்துவமனை வராந்தாவில் பாதி பெயிண்ட் அடித்து விட்ட சுவரைப் பார்த்தான். 'இதை நான் எழுதலியே, ஆனா எழுதும்போது இதுதான் என் கண்ணுல இருந்துச்சு' என்று சொல்லிச் சொல்லி அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றான். சிவசைலத்துக்கு அன்று பெருமையில் உடம்பு இரண்டு சுற்று கூடிவிட்டது.

இந்தப் பைத்தியம் கல்யாண மேடைக்கும் ஏறும். மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசும் புருஷன் பெண்டாட்டி பற்றிய நாடகம் ஒன்றைப் படித்த வாரத்தில், குத்துக்கல்வலசையில் ஒரு வரவேற்புக்கு மேடை போட்டார். மேடை நடுவில் கதவு. நிஜக் கதவு, தாழ்ப்பாளோடு. வாழ்த்த வருகிறவர்கள் கதவைத் தட்ட வேண்டும், மாப்பிள்ளையும் பெண்ணும் திறந்து உள்ளே கூப்பிட வேண்டும். பெண்ணின் தாய்மாமன் தட்டாமல் தள்ளிப் பார்த்து, மொய்க் கவரோடு வெளியே நின்று சத்தம் போட்டார். வரிசை பந்திக்கூடம் வரைக்கும் போய்விட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அவ்வளவு சிரிப்பு. இன்றைக்கும் தீபாவளிக்கு அவள் வீட்டிலிருந்து சிவசைலத்துக்குப் பலகாரம் வருகிறது. தாய்மாமன் வீட்டிலிருந்து வருவதில்லை.

இப்படியே போயிருந்தால் சரி. போன வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னால் வல்லிநாயகம் அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நைட்டி, சுடிதார் தள்ளுபடி விற்பனைக்கு ஒருத்தன் மண்டபத்தைக் கேக்கான்," என்றார். "ஆடி முழுக்க. உங்க நாடகத்துக்கு வாரவன் எவன்? மழைக்கு ஒதுங்க வாரான். மழை விட்டா எந்திரிச்சுப் போயிருதான். இருக்கவனுக்கும் நாடகம் முடிஞ்சிட்டா இல்லையான்னு தெரிய மாட்டேங்கு. நீரு விளக்கை அணைச்சாத்தான தெரியும்?"

சிவசைலம் தலையைச் சொறிந்தார்.

"இந்த வருஷம் நடத்துங்க. கடைசி நாடகத்துக்கு சனம் முடியுத வரைக்கும் இருந்துச்சுன்னா அடுத்த ஆடியும் உங்களுக்கு. பாதியில எந்திரிச்சா நைட்டிக்காரனுக்கு. இன்னொண்ணு, விளக்கை நீரு தொடப்பிடாது. எலக்ட்ரீசியன் தொடட்டும்."

அன்று வீடு திரும்பும்போது சிவசைலம் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. வருஷம் முழுக்க ரோஜாவும் தெர்மகோல் மயிலும் ஒட்டுகிற மனுஷனுக்கு அந்த ஒரு மாதம்தான் மூச்சு விடுகிற மாதம். அது போய்விட்டால் அவர் செத்துப்போக மாட்டார், மயில் ஒட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசி நாடகமாக அவர் தேர்ந்தெடுத்தது புளியங்குடி ஜெயபிரியா எழுதியது. எலுமிச்சைக் கமிஷன் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிற பெண். அவளுக்கு முதல் நாடகம். பெயர் 'ஒரு குவியல்'. கதை என்று பார்த்தால் கால் பக்கம்தான். ஆவுடைத்தாய் என்கிற பெண் தன் தோட்டத்துப் பழத்தை மண்டியில் குவித்துவிட்டு ஏலத்துக்கு நிற்கிறாள். முந்தின வாரம், எடைக்கு மேலே கொசுறாக ஒரு கை அள்ளிய வியாபாரியின் கையை அவள் பிடித்துத் தடுத்திருக்கிறாள். அதற்காக எல்லா வியாபாரிகளும் பேசி வைத்துக்கொண்டு அவள் குவியலை மட்டும் கேட்காமல் இருக்கிறார்கள். அவள் நிற்கிறாள், பேசுகிறாள், பழத்தைத் துடைக்கிறாள். ஏலம் விடுகிறவன் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுகிறான். யாரும் கேட்கவில்லை. விளக்கு அணைகிறது.

"இதை வச்சா வல்லிநாயகம் அண்ணாச்சியை மடக்கப் போறீரு?" என்றேன். "ஒரு சண்டை இல்ல, ஒரு பாட்டு இல்ல. நைட்டிக்காரனுக்கு இப்பவே சாவியைக் குடுத்துரலாம்."

"நீரு கடைசிப் பக்கத்தைப் படிச்சீரா வே? அவ ஒரு தடவைகூடக் கெஞ்சல. ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தா நாம பாவம்னு சொல்லிட்டுப் போயிருவோம். இந்தப் பிள்ளை அதை எழுதாம விட்டுருக்கு பாத்தீரா?" அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கடையில் நின்ற ஒரு பெரியவர் அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்து வழிவிட்டார்.

அவர் ஜெயபிரியாவுக்குப் போன் செய்து கேட்டது, "எம்மா, குவியல் எவ்வளவு உயரம்?" அவள் "உட்கார்ந்தா அவ மூட்டுக்கு வரும் அண்ணாச்சி" என்றாளாம். இருவருக்கும் அன்றே ஒத்துப்போய்விட்டது.

மேடையை அவர் தொடவே இல்லை. மண்டபத்தின் நடுத் தரையில் நிஜ எலுமிச்சையைக் குவித்தார். அதற்கு மேலே ஒரே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். குவியலைச் சுற்றி வட்டமாக நாற்காலி, முன்வரிசைக்குச் சாக்குக் கட்டு. வல்லிநாயகம் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "லட்ச ரூவா மேடை அங்கன இருக்கு, நீரு தரையில கொட்டி வச்சிருக்கீரு" என்றார்.

"மேல ஏத்தி வச்சா அவ தனியா நிக்கது தெரியாது அண்ணாச்சி. சனத்துக்கு நடுவுல நிக்கணும். அப்பத்தான் தனியா நிக்கது தெரியும்."

அண்ணாச்சிக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நாடகம் முடிந்ததும் குவியலை என்ன செய்வதாக உத்தேசம் என்று விசாரித்தார்.

நாடகத்தன்று சாயங்காலம் ஆடிக் காற்று அம்மியைத் தவிர மற்றதையெல்லாம் தூக்கிக்கொண்டிருந்தது. நல்ல மழை. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையும் எண்ணெய் வாசமுமாக ஒதுங்கிய கூட்டத்தில் மண்டபம் நிறைந்தது. புளியங்குடி மண்டியிலிருந்து ஜெயபிரியா அழைத்திருந்த வியாபாரிகளும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். எலுமிச்சையைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முன்வரிசைச் சாக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எலக்ட்ரீசியன் மட்டும் வரவில்லை. பழைய குற்றாலம் சாலையில் மரக்கிளை விழுந்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சுவிட்ச் மறுபடியும் சிவசைலத்திடம் வந்தது. அண்ணாச்சி என்னையும் அவர் பக்கத்தில் நிறுத்தினார். "ஏலம் கடைசியாக் கூப்பிட்ட உடனே நீரு இவரை முழங்கையால இடிக்கணும். இடிச்சா இவரு அணைக்கணும். விளங்குதா?" விளங்கியது.

ஆவுடைத்தாயாக நடித்தது எங்கள் குழுவின் சத்யபிரியா. பழத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். முன்வரிசையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசினாள். வட்டமாக உட்கார்ந்ததால் யாருக்கும் முகத்தைத் திருப்ப இடமில்லை, திருப்பினால் எதிரில் இன்னொரு முகம். பாதி நாடகத்தில் தகரக் கூரையில் மழைச் சத்தம் நின்றது. நான் வாசலைப் பார்த்தேன். மழை விட்டால் சனம் எழுந்துவிடும் என்பது அத்தனை வருஷத்து அனுபவம். வல்லிநாயகம் அண்ணாச்சி வாசல் பக்கம் போய்க் கதவருகில் நின்றுகொண்டார், எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்க்க.

ஒருத்தரும் எழவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி.

கடைசிக் கட்டம் வந்தது. ஏலம் விடுகிறவனாக நடித்த பையன் குவியலின் மேல் கை வைத்து, "கேக்கவங்க கேக்கலாம்" என்றான். யாரும் பேசவில்லை. சத்யபிரியா நேராக நின்றாள். நான் சிவசைலத்தை இடித்தேன். அவர் அசையவில்லை. மறுபடி பலமாக இடித்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அப்படியே வைத்துக்கொண்டார். சரி, மனுஷன் மறுபடியும் மெய்மறந்துவிட்டான், ஆடி போச்சு, நைட்டிதான் என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் எடுத்துக்கிடுதேன்."

வியாபாரி இசக்கிப்பாண்டி. கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறவர். சாக்கிலிருந்து பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்தது அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. "பழம் நல்லாத்தான இருக்கு. நான் எடுத்துக்கிடுதேன்," என்று இன்னொரு தடவை சொன்னார்.

ஏலம் விடுகிற பையனுக்கு இதற்கு வசனம் கிடையாது. சத்யபிரியாவுக்கும் கிடையாது. அவள் இசக்கிப்பாண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து ஒரு பழத்தை எடுத்து, துடைத்து, அவர் கையில் வைத்தாள். சிவசைலம் என் முழங்கையை விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

இருட்டில் ஒருத்தரும் கை தட்டவில்லை. பிறகு தட்டினார்கள் பாருங்கள், வெளியே ஐந்தருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விளக்கைப் போட்ட பிறகும் யாரும் கலையவில்லை. அவர் கேட்டது சரியா தப்பா, முன்னாடியே ஏன் கேட்கவில்லை, மற்றவன் ஏன் கேட்கவில்லை என்று குவியலைச் சுற்றி ஒரே வாக்குவாதம்.

ஜெயபிரியா நேராக எங்களிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அவரு கேட்டது தப்பில்ல அண்ணாச்சி. நீங்க அணைக்காததுதான் தப்பு. இது எங்க மண்டியில நடந்தது. அந்தம்மாவுக்கு ஒருத்தரும் வரல. பழத்தை அவளே திரும்ப அள்ளிட்டுப் போனா. அதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க யாரோ வந்த மாதிரி ஆக்கிட்டிய."

நியாயமான கோபம். என் பழைய பிணக் கோபமும் சேர்ந்துகொள்ள, "நான் ரெண்டு தடவை இடிச்சேம்மா" என்று என் பங்குக்குக் கழன்றுகொண்டேன்.

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "மறக்கல எம்மா. சத்தியமா மறக்கல. அவரு வாய் அசைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. சத்தம் வரல. பேச வந்த மனுசனை எப்படி இருட்டுல தள்ளுதது?"

அவள் பதில் சொல்லுமுன் இசக்கிப்பாண்டியே அங்கே வந்துவிட்டார். கையில் அந்தப் பழம் இருந்தது.

"அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன் தாயி," என்றார். "உனக்குத் தெரியும். பழம் நல்ல பழம். கேக்கணும்னு தோணுச்சு, பக்கத்துல நின்னவன் மூஞ்சியைப் பாத்து வாய மூடிக்கிட்டேன். அந்தம்மா இப்ப சரக்கை எங்க கொண்டு போகுதா?"

"சங்கரன்கோயிலுக்கு."

"நம்ம மண்டிக்கே கொண்டுவரச் சொல்லு. ஒருத்தன் கேக்காட்டாலும் நான் கேப்பேன்."

ஜெயபிரியா அவரையும் பார்த்தாள், சிவசைலத்தையும் பார்த்தாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். நான் சுவிட்ச் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இசக்கிப்பாண்டி அதோடு விடவில்லை. எடுத்துக்கிடுதேன் என்று ஏலத்தில் சொன்னால் சொன்னதுதான், மண்டியில் வாக்கு மாறுகிற வழக்கம் கிடையாது என்று குவியல் முழுவதையும் சாக்கில் அள்ளி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது நாடகத்துப் பழம் என்று நாங்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஜூஸுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்த வல்லிநாயகம் அண்ணாச்சி அந்த வேன் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பி, "ஒரு பயலும் எந்திரிக்கலயே வே," என்றார். "மழை விட்டு எவ்வளவு நேரம் ஆச்சு. நானே ஒரு கட்டத்துல கேட்டிருப்பேன், மண்டபக்காரனுக்கு எலுமிச்சை எதுக்குன்னு இருந்துட்டேன்." மண்டபச் சாவியைச் சிவசைலம் கையில் கொடுத்தார். "அடுத்த ஆடியும் நடத்துங்க. விளக்கையும் நீரே வச்சுக்கிடும்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிவசைலம் என் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி கேட்கவில்லை. மீதிப் பாதியும், ஆவுடைத்தாய் செருப்பு போட்டிருந்தாளா என்பதைப் பற்றித்தான்.

இந்த வருஷ ஆடிக்கு ஜெயபிரியாவின் இரண்டாவது நாடகம். நேற்றுத்தான் வந்தது. சிவசைலம் கடையில் நின்று படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். எல்லா நாடகத்திலும் 'விளக்கு அணைகிறது' என்று இருக்கிற இடத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'விளக்கை எப்போது அணைப்பது என்பது சிவசைலம் அண்ணாச்சியின் விருப்பம்.' மனுஷன் அதைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருமல் மருந்துக்கு வந்தவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நாடகத்தில் எனக்கும் ஒரு வேஷம் இருக்கிறதாம். என்ன வேஷம் என்று கேட்டேன். கடைசிக் காட்சியில் பிணம் என்றார். கடையில் கொசுவுக்குத் தடவுகிற களிம்பு இருந்தது, ஒன்றை எடுத்து என் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.